சீல் உடையவில்லை, 52 கார்ட்டன் காணோம்: ஏற்றுமதியாளர் ஒருவருக்கு வழக்கறிஞரின் பதில்

திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்தும் வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பிப்ரவரி 10-ம் தேதி மாலை, 640 கார்ட்டன் டி-ஷர்ட்டுகளைத் தன் கம்பெனி வாசலிலேயே 40 அடி கன்டெய்னரில் ஏற்றி, ஆர்.எஃப்.ஐ.டி. மின்சீல் (கருவியால் படிக்கக்கூடிய கதவு முத்திரை) போட்டு, தூத்துக்குடிக்கு அனுப்பியிருக்கிறார். ஒரு கார்ட்டனுக்கு 60 பீஸ், எடை 14 கிலோ. வண்டி கிளம்பியதும் பக்கத்து வேபிரிட்ஜில் எடை போட்ட சீட்டு அவரிடம் இருக்கிறது. மறுநாள் மதியம் வண்டி துறைமுகத்துக்குள் போனது. கொழும்பில் கப்பல் மாறி ஹாம்பர்க் சேர்ந்த அந்தக் கன்டெய்னரை ஏப்ரல் 8-ம் தேதி பையரின் கிடங்கில் திறந்தபோது 588 கார்ட்டன்தான் இருந்தது. சீல் அப்படியே இருந்தது, எண்ணும் சரி. பையர் அனுப்பிய படத்தில் கதவோரம் இரண்டு வரிசை நெருக்கமாக நிற்கிறது, அதற்குப் பின்னால் பள்ளம். 52 கார்ட்டனுக்கும் டெபிட் நோட் (அந்தத் தொகையைக் கழிக்கச் சொல்லும் சீட்டு) வந்துவிட்டது. நஷ்டம் 8 லட்சத்துக்கு மேல்.

லாரி ஆபீஸ் கைவிரித்துவிட்டது. எல்.ஆரில் (லாரி ரசீதில்) 'ஓனர்ஸ் ரிஸ்க்', அதாவது நஷ்டம் சரக்குக்காரருடையது, என்று அச்சடித்திருக்கிறதாம், வண்டியும் அவர்களுடையது இல்லையாம், வேறொருவரிடமிருந்து எடுத்து ஓட்டும் அட்டாச்டு வண்டியாம். உள்ளூர் போலீஸ் 'தூத்துக்குடியில் போய்க் கொடுங்கள்' என்றது. டிரைவரின் ஒரிஜினல் லைசென்ஸை இவர் வாங்கி வைத்திருக்கிறார். மச்சானோ, ஆளையே கூட்டி வந்து இரண்டு நாள் உட்காரவைத்தால் உண்மை வந்துவிடும் என்கிறார். 'சீல் உடையாததால் பையர்தான் ஏமாற்றுகிறார் என்று நினைக்கிறேன். எப்படியும் எஃப்.ஓ.பி. விற்பனைதானே, நஷ்டம் அவருடையதுதானே? இ.சி.ஜி.சி. (ஏற்றுமதிக் கடன் காப்பீடு) பாலிசியும் இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?' என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆகஸ்ட் 9. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007-ன் 16-ம் பிரிவின்படி, சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் லாரி ஆபீஸ் மேல் வழக்கே போட முடியாது. நஷ்டம் தெரியவந்த நாளிலிருந்து அல்ல, புக் செய்த நாளிலிருந்து. சரக்கு இரண்டு மாதம் கடலில் இருக்கும் ஏற்றுமதியாளருக்கு இது கொடுமைதான், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. உங்கள் கடிதம் ஜூன் கடைசியில் கைக்கு வந்தது. மெயிலிலும் போனிலும் நீங்கள் சண்டை போட்டதை நோட்டீஸ் என்று நம்பியிருக்க வேண்டாம். இந்த வாரமே பதிவு செய்த ஸ்பீட் போஸ்டில், டெலிவரி ஆனதற்கான சான்றோடு அனுப்பிவிடுங்கள். நோட்டீஸ் போய்விட்டால் வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது. போகாவிட்டால் அந்த மூன்று வருடத்தால் பயன் இல்லை.

கடிதத்தின் ஒரு பக்கத்தில் பையரைச் சந்தேகப்படுகிறீர்கள், அடுத்த பக்கத்தில் டிரைவரை. இரண்டு பேரையும் கொஞ்சம் தள்ளி வைப்போம். உங்கள் வழக்கு முழுக்க ஒரே கேள்வியில் நிற்கிறது: சரக்கு எந்த இடத்தில் குறைந்தது? அது தெரிந்தால்தான் யார் பணம் தர வேண்டும் என்பது தெரியும்.

சீல் சொல்வதும் சொல்லாததும்

சீல் உடையவில்லை என்றால் சீல் உடையவில்லை, அவ்வளவுதான். கதவு திறக்கப்படவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. அடுத்த கன்டெய்னர் வரும்போது அதன் வலது கதவைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மேலிருந்து கீழாக ஓடும் பூட்டுக் கம்பியோடு கைப்பிடியை இணைப்பது ஒரு ரிவெட். சீல் போடுவது கைப்பிடி உட்காரும் கொக்கியில். ரிவெட்டை டிரில் போட்டு எடுத்துவிட்டால் கைப்பிடி தனியாகக் கழன்றுவிடும். சீல் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருக்க, கம்பியைத் திருப்பிக் கதவைத் திறந்துவிடலாம். வேலை முடிந்ததும் ரிவெட் இருந்த இடத்தில் ஒரு போல்ட்டை மாட்டி, மேலே கன்டெய்னர் நிறத்திலேயே பெயின்ட் அடித்துவிடுவார்கள். உலகம் முழுக்கச் சரக்குத் திருடர்களுக்குத் தெரிந்த பழைய வித்தை இது. துறைமுக கேட்டில் மின்சீலைப் படிக்கும் கருவி அதன் எண்ணையும், சீல் வெட்டப்பட்டதா என்பதையும்தான் பார்க்கும். கைப்பிடி ரிவெட்டை அது பார்க்காது.

கதவோரம் இரண்டு வரிசை நெருக்கமாகவும் அதன் பின்னால் பள்ளமாகவும் இருப்பது எனக்குத் திருட்டின் சாயலாகத்தான் படுகிறது. முன்வரிசையை இறக்கி, பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு, திறந்தவுடன் குறை தெரியாதபடி மறுபடி அடுக்கியிருக்கிறார்கள். இது அவசர வேலை இல்லை. வண்டி ஓரிடத்தில் நின்றிருக்க வேண்டும், ஆளும் நேரமும் வேண்டும். பையரே ஆடிய நாடகமாக இருக்க முடியாதா என்றால், முடியும். ஆனால் ஆதாரம் இல்லாமல் அவர் மேல் பழி போட்டால் ஆர்டரும் போகும், வழக்கும் போகும்.

பையரிடம் இன்றே கேட்க வேண்டியவை: கதவுக் கைப்பிடி, ரிவெட் தெரியும் படங்கள், இறக்கும்போது எழுதிய டாலி ஷீட் (எண்ணிக்கைச் சீட்டு), சர்வேயர் வந்திருந்தால் அவர் அறிக்கை. காலிக் கன்டெய்னரை டெப்போவில் திருப்பிக் கொடுக்கும்போது கதவில் பழுது இருந்தால் குறித்துக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டின் நகலை ஷிப்பிங் லைனிடம் உங்கள் சி.எச்.ஏ. (சுங்க ஏஜென்ட்) மூலம் கேளுங்கள்.

எடைச் சீட்டுதான் உங்கள் பெரிய சாட்சி

கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தாலும், உங்கள் கையில் இருப்பதிலேயே உருப்படியான காகிதம் அந்த வேபிரிட்ஜ் சீட்டு. 2016 ஜூலை 1 முதல், எடை உறுதி செய்யாத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது சர்வதேச விதி. இதற்கு இரண்டு வழி உண்டு. ஏற்றி முடித்த கன்டெய்னரை எடை போடுவது ஒன்று, உள்ளே வைத்த எல்லாவற்றின் எடையோடு காலிக் கன்டெய்னரின் எடையைக் கூட்டிக் கணக்குப் போடுவது இன்னொன்று. இரண்டாவதும் விதிப்படி சரிதான், ஆனால் திருட்டு வழக்கில் பேப்பர் கணக்குக்கு என்ன மதிப்பு? நீங்கள் நிஜமாகவே எடை போட்டிருக்கிறீர்கள். நல்லது.

இனி துறைமுக முனையத்தில் கன்டெய்னர் உள்ளே நுழைந்தபோது எடை பதிவாகியிருக்கிறதா என்று எழுத்து மூலம் கேளுங்கள். 52 கார்ட்டன் என்றால் 728 கிலோ. லாரியோடு சேர்த்து எடை போட்டிருந்தால் ஒரு இரவில் எரிந்த டீசலுக்காக ஒரு நூறு கிலோ குறையலாம். எழுநூறு கிலோ குறையாது. துறைமுக எடை அவ்வளவு குறைந்திருந்தால் திருட்டு திருப்பூருக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் நடந்தது, லாரி ஆபீஸ் பதில் சொல்ல வேண்டும். இரண்டு எடையும் ஒத்துப்போனால் சரக்கு முழுசாகத் துறைமுகத்துக்குள் போயிருக்கிறது, அப்போது நீங்கள் பேச வேண்டியது பையரிடம்.

கூடவே ஃபாஸ்டேக் பதிவு. மதுரையைத் தாண்டிய வண்டி எலியார்பத்தி சுங்கச்சாவடியில் ஒரு நேரத்தையும், தூத்துக்குடிக்கு முன்னால் புதூர்பாண்டியபுரத்தில் இன்னொரு நேரத்தையும் விட்டுப் போயிருக்கும். இரண்டுக்கும் நடுவே, டீக்கடையில் நின்றதையும் சேர்த்து, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அந்த ரோட்டில் ஓட்டும் எல்லாருக்கும் தெரியும். இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தால் அந்த நேரத்துக்கு லாரிக்காரர் கணக்குச் சொல்லியாக வேண்டும். திண்டுக்கல் பக்கமும் இதே மாதிரி பார்க்கலாம். சிசிடிவி காட்சிகள் இவ்வளவு நாள் கழித்துக் கிடைப்பது கஷ்டம், ஃபாஸ்டேக் கணக்கு கிடைக்கும். வண்டியில் ஜி.பி.எஸ். இருந்தால் அந்தப் பதிவையும் அழிக்காமல் வைத்திருக்கும்படி உங்கள் நோட்டீஸிலேயே எழுதிவிடுங்கள்.

எஃப்.ஓ.பி. என்றால் நஷ்டம் பையருடையதா?

கப்பலில் ஏறிய பிறகுதான். எஃப்.ஓ.பி.யில் சரக்கு கப்பலின் மேல் ஏற்றப்படும் வரை பொறுப்பு விற்பவருடையது. கம்பெனி வாசல், தாராபுரம் ரோடு, துறைமுக யார்டு எல்லாம் உங்கள் கணக்கு. பையர் எடுத்த இன்ஷூரன்ஸும் பொதுவாக அவர் பொறுப்பு தொடங்கிய பிறகுதான் பேசும், நீங்கள் அதில் கிளெய்ம் போட முடியாது.

இ.சி.ஜி.சி. விஷயத்திலும் ஏமாற்றம்தான். பையர் திவாலானால், பணம் தராமல் போனால், அந்த நாட்டில் போர் வந்து பணம் நின்றால் கைகொடுக்கும் பாலிசி அது. சரக்கு திருடுபோவது அதில் வராது. அதற்கு வேண்டியது மரைன் பாலிசி, அதாவது சரக்குப் பயணக் காப்பீடு. உங்களிடம் அது இல்லை என்று கடிதத்திலிருந்து புரிகிறது. திருப்பூரில் சிறிய கம்பெனிகள் பல, 'பையர் பார்த்துக்கொள்வார்' என்று இதை விட்டுவிடுகின்றன. தையல் மெஷினுக்கு ஃபயர் பாலிசி எடுப்பவர்கள், அந்த மெஷினில் தைத்த சரக்கை ராத்திரியில் ரோட்டில் அனுப்பும்போது ஒன்றும் எடுப்பதில்லை!

ஷிப்பிங் லைன் மேல் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதில்) 'ஷிப்பர்ஸ் லோட், ஸ்டோ அண்ட் கவுண்ட்' என்று இருக்கும். ஏற்றியதும் எண்ணியதும் நீங்கள், நாங்கள் மூடிய பெட்டியைத்தான் வாங்கினோம் என்று அர்த்தம். சீலும் சரியாக இருக்கும்போது அந்தப் பக்கம் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம். ஆனாலும் டெலிவரியிலிருந்து ஒரு வருடம் வரை அந்தக் கதவு திறந்திருக்கும், எடை விவரம் வந்த பிறகு யோசிக்கலாம்.

லாரி ஆபீஸின் இரண்டு சாக்குகள்

'அட்டாச்டு வண்டி' என்ற சாக்கு செல்லாது. 2007 சட்டத்தில் 'பொதுச் சரக்கேற்றுநர்' என்பதற்குள் புக்கிங் கம்பெனி, ஒப்பந்ததாரர், ஏஜென்ட், புரோக்கர் எல்லாரும் வருகிறார்கள். யார் எல்.ஆர். போட்டாரோ அவர்தான் உங்களுக்குப் பொறுப்பு. அவருக்கும் வண்டி முதலாளிக்கும் உள்ள கணக்கை அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்ற அச்சும் கவனக்குறைவிலிருந்து அவர்களைக் காப்பாற்றாது. அது மட்டுமல்ல, 12-ம் பிரிவின்படி அவர்களுடைய கவனக்குறைவையோ குற்றத்தையோ நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. முழுசாக ஒப்படைத்தேன், குறைவாகப் போய்ச் சேர்ந்தது என்று காட்டினால் போதும். இயற்கைச் சீற்றம், போர், கலவரம், அரசு பறிமுதல் போன்ற சில காரணங்கள்தான் அவர்களுக்குத் தப்பிக்கும் வழி.

அதற்காக முழுத் தொகையும் வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். எல்.ஆரை எடுத்து இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அதில் 640 கார்ட்டன் என்று இருக்கிறதா, இல்லை '40 அடி கன்டெய்னர் ஒன்று' என்று மட்டும் இருக்கிறதா? எண்ணிக்கை இருந்தால் அதுவே முதல்நிலை ஆதாரம். இல்லாவிட்டால் லோடிங் டாலி, உங்கள் வாசல் கேமரா, எடைச் சீட்டு ஆகியவற்றை வைத்து எண்ணிக்கையை நிரூபிக்க வேண்டியிருக்கும். இரண்டு, சரக்கு மதிப்பை எழுதிக் கொடுத்து, அதற்கான கூடுதல் கட்டணம் கட்ட ஒப்புக்கொண்டீர்களா? இல்லையென்றால் 2011-ம் வருட விதிகளின்படி அவர்கள் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். நீங்கள் சொன்ன வாடகை 38,000 ரூபாய், ஆக உச்சம் 3 லட்சத்து 80 ஆயிரம். லாரி ஆபீஸின் ஆட்களே செய்த குற்றம் என்று நிரூபணமானால் அதற்கு மேலும் கேட்க வாதம் இருக்கிறது. அதை வழக்கில் வைக்கலாம், கையில் வந்த பணமாகக் கணக்குப் போட வேண்டாம்.

வழக்கு வணிக நீதிமன்றத்துக்குப் போகும். 3 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள சரக்குப் போக்குவரத்துத் தகராறுகள் அங்கேதான். அவசரத் தடையாணை எதுவும் கேட்காதவரை, முதலில் சமரச மையத்துக்குப் போயாக வேண்டும். இதை வீண் அலைச்சலாக நினைக்காதீர்கள். எடை வித்தியாசமும் ஃபாஸ்டேக் நேரமும் மேசையில் இருந்தால், ஊரில் தொழில் செய்ய வேண்டிய லாரி ஆபீஸ் பெரும்பாலும் அங்கேயே ஒரு தொகைக்கு இறங்கி வரும். உங்கள் இடத்தில் நான் இருந்தால், அந்த உச்சத்துக்குப் பக்கத்தில் ஒரு தொகைக்குச் சமரசம் கிடைத்தால் வாங்கிக்கொள்வேன்.

டிரைவர், போலீஸ்

மச்சான் சொல்வதைக் கேட்காதீர்கள். ஒருவரை விருப்பமில்லாமல் உட்காரவைப்பது சட்டவிரோதச் சிறைவைப்பு. கார்ட்டன் திருடியவர் யாரென்று தெரியாத நிலையில், குற்றவாளியாக முதலில் எஃப்.ஐ.ஆரில் ஏறுவது நீங்களாக இருக்கும். அப்படி வாங்கும் வாக்குமூலமும் கோர்ட்டில் நிற்காது. லைசென்ஸை இன்றே திருப்பிக் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில் நடந்திருக்கலாம், அவரே உடந்தையாகவும் இருக்கலாம். இரண்டையும் கண்டுபிடிப்பது போலீஸின் வேலை.

'இது எங்கள் எல்லை இல்லை' என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பெறச் சொல்கிறது. மறுத்தால் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். புகாரில் யார் பெயரையும் திருடன் என்று எழுத வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதி, எடைச் சீட்டையும் படங்களையும் இணைத்தால் போதும். சரக்கேற்றுநரின் நம்பிக்கை மோசடி பாரதிய நியாய சன்ஹிதா 316-லும், சரக்கு வாகனத்திலிருந்து திருடுவது 305-லும் வரும். இரண்டுக்கும் ஏழு வருடம் வரை சிறை.

ஆடிட்டரிடம் பேச வேண்டியது

இது நீங்கள் கேட்காத விஷயம், ஆனால் பின்னால் கடிக்கும். ரோட்டிலேயே திருடுபோயிருந்தால் 588 கார்ட்டன்தான் ஏற்றுமதியானது. 640-க்கும் வாங்கிய டிராபேக், ரோஸ்க்டெல் (ஏற்றுமதிக்காக அரசு வரியைத் திருப்பித் தரும்) சலுகைகளில் 52-க்கு உரியதைத் திருப்ப வேண்டும். திருடுபோன சரக்குக்கு எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரிச் சலுகையும் 17(5) பிரிவின்படி கிடையாது. நீங்களே முன்வந்து சரிசெய்வது நல்லது, சுங்கத்துறை கண்டுபிடித்தால் வட்டியோடும் அபராதத்தோடும் வரும். பணம் குறைவாக வருவதற்கான காரணத்தைப் பேங்குக்கும் எழுதிக் கொடுங்கள்.

அடுத்த லோடு போகும்போது

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. காலிக் கன்டெய்னர் வந்ததும் ஏற்றுவதற்கு முன் ஏழு இடம் பார்க்க வேண்டும் என்பது உலக வழக்கம்: முன்சுவர், இரண்டு பக்கம், தரை, கூரை, கதவுகள், அடிப்பாகம். நம் ஊரில் கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள், மழைக்குப் பயந்து. கதவு ரிவெட்டைத் தட்டிப் பாருங்கள், புதுப் பெயின்ட் இருந்தால் சுரண்டிப் பாருங்கள், போல்ட் மாட்டியிருந்தால் கன்டெய்னரைத் திருப்பி அனுப்புங்கள். புதிய கன்டெய்னர்களில் பூட்டுக் கம்பியிலேயே, கைப்பிடிக்குச் சம்பந்தமில்லாமல், கீழே சீல் போடும் துளை இருக்கும். மின்சீலோடு அங்கேயும் ஒரு போல்ட் சீல் போட்டுவிடுங்கள், ஐ.எஸ்.ஓ. 17712 தரத்தில், உடம்பில் 'எச்' எழுத்து உள்ளதாக. துளை இல்லாத பழைய கன்டெய்னர் என்றால், நடுவிலுள்ள இரண்டு கம்பிகளையும் சேர்த்து ஒரு கேபிள் சீல். சீலைப் போட்டதும் இழுத்து, திருகிப் பார்த்து, எண்ணும் ரிவெட்டும் தெரிய நான்கு படம் எடுத்து டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வண்டி போய்ச் சேர்ந்ததும் துறைமுக வாசலில் உங்கள் சி.எச்.ஏ.வின் ஆள் அதே கோணத்தில் நான்கு படம் எடுக்கட்டும்.

சீல் ஸ்டாக்கை லோடுமேன் கையில் விடாதீர்கள். எந்த இடங்களில் வண்டி நிற்கலாம் என்று எல்.ஆரிலேயே எழுதி வாங்குங்கள். மரைன் பாலிசி எடுக்கும்போது உள்நாட்டு ரோட்டுப் பயணமும் சேர்ந்திருக்கிறதா, 'ஏ' கிளாஸ் (ஏ வகை நிபந்தனைகள்) தானா என்று கேளுங்கள். 'பி', 'சி' கிளாஸ்கள் விலை குறைவு, ஆனால் தனியாகச் சேர்க்காவிட்டால் திருட்டு அதில் வராது. அப்புறம், பாலிசி இருந்தாலும் அந்த 180 நாள் நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காமல் விட்டால், லாரி ஆபீஸிடம் வசூலிக்கும் எங்கள் உரிமையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்கும்.

டெபிட் நோட்டுக்குப் பதில் போடச் சொல்லிப் பையர் நெருக்குகிறார் என்று எழுதியிருந்தீர்கள். துறைமுக எடை கைக்கு வரும்வரை அதை ஏற்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். 'குறைவு பற்றிய உங்கள் தகவல் கிடைத்தது, எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி விசாரித்து வருகிறோம், கீழ்க்கண்ட ஆவணங்களை அனுப்புங்கள்' என்ற அளவில் மெயில் போதும். நம் ஆட்கள் மெயிலைத் தொடங்கும்போதே 'வெரி சாரி' என்று போட்டுவிடுவார்கள். அந்த இரண்டு சொல்லை மட்டும் இந்த மெயிலில் எடுத்துவிடுங்கள்.